பயமா, ஜாலியா? ரோலர் கோஸ்டர் ரசிகர்களின் தனி உலகம்!

டவுன் பஸ்ல கடைசி சீட்ல போயிருக்கீங்களா? டிரைவர் கவனிக்காம ஸ்பீடு பிரேக்கர்ல ஏத்தி இறக்கும்போது, ஒரு செகண்ட் உடம்பு சீட்டை விட்டு எழும்பும். அடிவயித்துல 'ஜிவ்'வுனு ஒண்ணு ஓடும். அந்த ஒரு செகண்டுக்காகவே விமானம் ஏறி நாடு நாடா சுத்துற ஒரு கூட்டம் இருக்கு. அவங்கதான் ரோலர் கோஸ்டர் ரசிகர்கள். அந்த எழும்பலுக்கு அவங்க வெச்சிருக்கிற பேரு, 'ஏர்டைம்'.

'இவங்களுக்கெல்லாம் பயமே கிடையாதா?'னு தோணுதா? பயம் இருக்கு. ஆனா, எதுக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேண்டாம்னு அவங்களுக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சுக்கிட்டா, அடுத்த தடவை நீங்களும் கண்ணை மூடாம போகலாம்.

கணக்கு வெச்சு ஏறுறாங்க!

அமெரிக்காவில் 1978-ல் தொடங்கப்பட்ட சங்கம், 'அமெரிக்கன் கோஸ்டர் என்தூசியாஸ்ட்ஸ்'. இது மாதிரி ஐரோப்பாவிலும் ரசிகர் சங்கங்கள் இருக்கு. இவங்க பேச்சுல அடிக்கடி வர்ற வார்த்தை, 'கிரெடிட்'. ஒரு கோஸ்டர்ல ஏறினா ஒரு கிரெடிட். அதே கோஸ்டர்ல பத்து தடவை ஏறினாலும் ஒண்ணுதான். கணக்கு கூடணும்கிறதுக்காக, குழந்தைகள் ஏறுற குட்டி கோஸ்டர்ல முழங்காலை மடக்கி உட்கார்ற பெரியவங்களும் உண்டு.

உயரமும் வேகமும் மட்டும்தான் இவங்களுக்கு முக்கியம்னு நினைக்காதீங்க. பென்சில்வேனியாவில் 'லீப் தி டிப்ஸ்' என்று ஒரு மர கோஸ்டர். 1902-ல் கட்டியது. உயரம் வெறும் 41 அடி. வேகம் நம்ம சைக்கிள் அளவுதான். 1985-ல் மூடிக்கிடந்த அதைக் காப்பாத்தப் பலர் சேர்ந்து பாடுபட்டு, 1999-ல் மறுபடியும் ஓட வெச்சாங்க. இன்று மிஞ்சியிருக்கும் கோஸ்டர்களில் ரொம்பப் பழையது அதுதான்.

பனிச் சறுக்கில் ஆரம்பிச்ச கதை

ரஷ்யாவில் குளிர்காலத்தில் உயரமான மரச் சாரம் கட்டி, அதில் பனியை உறையவெச்சுச் சறுக்கி விளையாடினாங்க. அதுதான் ஆரம்பம். 1884-ல் நியூயார்க்கின் கோனி தீவில் லமார்கஸ் தாம்சன் ஒரு சறுக்கு ரயிலைத் திறந்தார். டிக்கெட் 5 சென்ட். வேகம் மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர். அதுக்கே கூட்டம் அலைமோதியது.

2005-ல் நியூ ஜெர்சியில் திறந்த 'கிங்டா கா'வின் உயரம் 456 அடி. வேகம் மணிக்கு 206 கிலோமீட்டர். 2010-ல் அபுதாபியில் வந்த 'ஃபார்முலா ரோசா' 240 கிலோமீட்டரைத் தொட்டது. அதுல ஏறுறவங்க கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கணும். அந்த வேகத்துல ஒரு பூச்சியோ மணலோ கண்ணுல பட்டா அவ்வளவுதான்.

கீழே விழாம எப்படி ஓடுது?

பெரும்பாலான கோஸ்டர் ரயில்களில் இன்ஜினே கிடையாது. செயின் அதை உச்சிக்கு இழுத்துட்டுப் போகும். அப்புறம் எல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கும். ஏறும்போது 'டக் டக் டக்'னு ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டாலே பலருக்கு வயித்தைக் கலக்கும். ஆனா, ரசிகர்களுக்கு அது தைரியம் சொல்ற சத்தம். டிராக்ல இருக்கிற பல் வரிசையில் ஒரு கொக்கி தட்டித் தட்டிப் போகுது. செயின் அறுந்தாலும் ரயில் பின்னால உருளாம அந்தக் கொக்கி பிடிச்சுக்கும்.

சக்கரங்களும் மேலே மட்டும் இல்ல. டிராக்கோட பக்கவாட்டிலும் அடியிலும் சக்கரம் இருக்கும். ஏர்டைம்ல நீங்க எழும்பினாலும், ரயில் டிராக்கை விட்டு எழும்பாது. 

தலைகீழாச் சுத்துற 'லூப்'பைக் கவனிச்சுப் பாருங்க. அது முழு வட்டமா இருக்காது. கண்ணீர்த் துளி மாதிரி இருக்கும். நூறு வருஷத்துக்கும் முன்னாடியே வட்டமாவே கட்டிப் பார்த்தாங்க. உள்ளே நுழையும்போதே கழுத்துல பலமா அடி விழுந்தது. 1976-ல் கலிஃபோர்னியாவில் 'ரெவல்யூஷன்' கோஸ்டருக்காக ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல் வடிவமைச்ச துளி வடிவ லூப்தான் அந்தப் பிரச்னையைத் தீர்த்தது.

பயம் எப்போ ஜாலியாகும்?

இதயம் படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், மூச்சு வாங்கும். பயத்துக்கும் இதுதான், குஷிக்கும் இதுதான். 'ஆபத்து'ன்னு உடம்பு அட்ரினலினைக் கொட்டுது. 'ஒண்ணும் ஆகாது'ன்னு மனசு நம்பினா, அதே படபடப்பு சிரிப்பா மாறுது. அந்த நம்பிக்கை இல்லைன்னா வெறும் பயம்தான் மிச்சம்.

கிங்டா காவையே எடுத்துக்கோங்க. சில நேரம் வேகம் பத்தாம, ரயில் உச்சியைத் தாண்டாம வந்த வழியிலேயே பின்னோக்கி இறங்கியதுண்டு. கேட்கிற நமக்குக் குலை நடுங்கும். ரசிகர்களுக்கோ அது லாட்டரி அடிச்ச மாதிரி! இப்படி நடக்கலாம்னு எதிர்பார்த்து, கீழே பிரேக்குகளைத் தயாரா வெச்சிருந்தாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. 2025 பிப்ரவரியில் அந்தக் கோபுரத்தை வெடிவெச்சுத் தகர்த்தப்போ, பல ரசிகர்கள் சொந்தக்காரங்களை இழந்த மாதிரி வருத்தப்பட்டாங்க.

நம்பிக்கை உடைஞ்ச நாள்

கோஸ்டர் டிராக்கைப் பல பகுதிகளாப் பிரிச்சிருப்பாங்க. ஒரு பகுதியில் ஒரே ஒரு ரயில்தான் இருக்கணும். முன்னால போன ரயில் வெளியேறலைன்னா, பின்னால வர்றதைக் கணினி நிறுத்திடும்.

2015 ஜூன் 2-ல் இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில், 'ஸ்மைலர்' கோஸ்டரில் கணினி சரியாத்தான் நிறுத்தியது. முன்னால் ஒரு காலி ரயில் டிராக்கில் நின்னுட்டிருந்தது ஊழியர்களுக்குத் தெரியல. கணினிதான் தப்புன்னு நினைச்சு, அதை மீறி 16 பேர் இருந்த ரயிலை அனுப்பினாங்க. ரெண்டு ரயிலும் மோதின. இரண்டு இளம்பெண்கள் ஆளுக்கு ஒரு காலை இழந்தாங்க. அதை நடத்திய நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது.

உயரமோ வேகமோ அங்கே யாரையும் காயப்படுத்தல. 'நில்லு'ன்னு இயந்திரம் சொன்னதை மனுஷங்க மீறினதுதான் காரணம். அதனாலதான் அனுபவசாலி ரசிகர்கள் விதிமுறை விஷயத்துல ரொம்பக் கறார்.

நீங்க ஏறப் போறீங்களா?

* முதல் தடவைன்னா நடு வரிசையில் உட்காருங்க. முன் வரிசையில் காத்தும் காட்சியும் அதிகம். கடைசி வரிசையை இறக்கத்துல வெடுக்குன்னு இழுக்கும். ஏர்டைம் பிரியர்கள் தேடிப் போற இடம் அது.

* ரீல்ஸ் எடுக்க போனை வெளியே எடுக்காதீங்க. கை நழுவினா, பின்னால இருக்கிறவர் முகத்துல அது கல்லு மாதிரி விழும்.

* மடியில் வர்ற கம்பி சரியாப் பூட்டலைன்னா, கூச்சப்படாம கையைத் தூக்கிச் சொல்லுங்க.

* தலையைச் சீட்டோடு சாய்ச்சு, கண்ணைத் திறந்து வைங்க. அடுத்த திருப்பம் தெரிஞ்சா கழுத்து தானாத் தயாராகும்.

* இதயப் பிரச்னை, கழுத்து, முதுகு வலி இருந்தாலோ, கர்ப்பமா இருந்தாலோ வேண்டாம். உயர அளவு பத்தாத தம்பி தங்கச்சிக்காக ஊழியர்கிட்ட கெஞ்சாதீங்க. கம்பி பிடிக்காத உடம்புக்காகத்தான் அந்த அளவு.

* வயிறு முட்டச் சாப்பிட்டுட்டும் ஏறாதீங்க, வெறும் வயித்தோடும் ஏறாதீங்க.

ஒரு மணி நேரம் வரிசையில் நின்னு, உங்க முறை வர்றப்போ 'கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, செக் பண்றோம்'னு சொன்னா எரிச்சல் வரும்தான். சத்தம் போடாதீங்க. நீங்க கத்தி முடிச்சுச் சிரிச்சுக்கிட்டே இறங்கணும்னுதான் அந்த செக்கிங்!