தசை நினைவு (உடற்பயிற்சி)

தசை நினைவு என்பது, முன்னர் வலிமைப் பயிற்சி செய்து பின்னர் நெடுங்காலம் அதனைக் கைவிட்ட ஒருவர் மீண்டும் பயிற்சியைத் தொடங்கும்போது, இழந்த வலிமையையும் தசைப் பருமனையும் முதல் முறை எடுத்துக்கொண்டதைவிடக் குறைந்த காலத்தில் மீட்டுக்கொள்ளும் இயல்பைக் குறிக்கும். நோய், காயம், மகப்பேறு, பணிச்சுமை போன்ற காரணங்களால் பயிற்சி இடைவெளி ஏற்படலாம். இடைவெளிக்குப் பின் தசை சிறுத்துக் காணப்பட்டாலும், அது பயிற்சியே பெறாத தசையின் நிலைக்கு முழுமையாகத் திரும்பிவிடுவதில்லை என்பதே இக்கருத்தின் சாரம். எடை தூக்குவோர் இதனை நெடுங்காலமாகப் பட்டறிவால் அறிந்திருந்தனர். இதற்கான காரணங்கள் குறித்து அறிவியலாளரிடையே இன்றும் முழு உடன்பாடு இல்லை.

பெயரும் பொருளும்

தசை நினைவு என்னும் சொல் இரு வேறு பொருள்களில் வழங்குகிறது. மிதிவண்டி ஓட்டுதல், தட்டச்சு செய்தல், இசைக்கருவி மீட்டல் முதலிய திறன்கள் பல ஆண்டுகள் கழிந்தும் மறவாதிருப்பதைக் குறிப்பது ஒரு பொருள். இந்நினைவு உண்மையில் தசையில் அன்றி மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் பதிந்துள்ளது. தசையின் பருமனும் வலிமையும் விரைவாக மீள்வதைக் குறிப்பது மற்றொரு பொருள். இக்கட்டுரை இரண்டாவது பொருளையே விளக்குகிறது.

பயிற்சி நின்றபின் நிகழும் மாற்றங்கள்

பயிற்சி நின்றதும் உடலின் எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. நீண்ட தூரம் ஓடுவதற்கு வேண்டிய தாங்குதிறன் முதலில் குறைகிறது. குருதி நீர்மத்தின் கனவளவு குறைவதால், இரண்டு மூன்று வாரங்களிலேயே ஓட்டக்காரர் மூச்சு வாங்குவதை உணர்வார். வலிமை அவ்வளவு விரைவில் குறைவதில்லை. ஏறத்தாழ மூன்று வார இடைவெளியில் வலிமை இழப்பு பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும்.

சில வார ஓய்விலேயே தசை சிறுத்துவிட்டதாகத் தோன்றுவது பெரும்பாலும் உண்மையான தசை இழப்பு அன்று. தசையில் சேமிக்கப்படும் கிளைக்கோசன் ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ 3 கிராம் நீரைத் தன்னுடன் சேர்த்து வைத்திருக்கும். பயிற்சி நின்றதும் இச்சேமிப்பு குறைவதால் நீரும் குறைந்து தசையின் பருமன் தளர்கிறது. பயிற்சியை மீண்டும் தொடங்கிய சில நாட்களில் இது திரும்பிவிடும்.

பயிற்சியை நிறுத்துவது வேறு, உறுப்பை அசைக்காமலே வைத்திருப்பது வேறு. 2014 ஆம் ஆண்டு வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வில், உடல்நலமுள்ள இளைஞரின் ஒரு கால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கப்பட்டது. 5 நாட்களில் தொடைத்தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு 3.5 விழுக்காடும் வலிமை 9 விழுக்காடும் குறைந்தன. 14 நாட்களில் இவை முறையே 8.4 விழுக்காடாகவும் 23 விழுக்காடாகவும் உயர்ந்தன. பருமனைவிட வலிமை கூடுதலாகக் குறைவதை இதிலிருந்து அறியலாம்.

மீட்சியின் விரைவு

மீட்சி குறித்த தொடக்ககால ஆய்வுகளில் குறிப்பிடத்தக்கது 1991 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இராபர்ட் சிட்டாரன் குழுவினர் வெளியிட்டதாகும். 20 வாரங்கள் கால்களுக்கு எடைப் பயிற்சி பெற்ற ஆறு பெண்கள் 30 முதல் 32 வாரங்கள் பயிற்சியை முற்றிலும் நிறுத்தினர். அவர்களின் வலிமை குறைந்தபோதும் பயிற்சிக்கு முந்தைய நிலைக்கு இறங்கவில்லை. தசையிழைகளின் பருமன் மிகக் குறைவாகவே பாதிக்கப்பட்டிருந்தது. பின்னர் 6 வாரங்கள் மட்டுமே அளிக்கப்பட்ட மறுபயிற்சியில் அவர்களின் விரைவுத் தசையிழைகள் குறிப்பிடத்தக்க அளவு பருத்தன.

2024 ஆம் ஆண்டு பின்லாந்தின் யுவாசுகுலா பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில் இரு குழுக்கள் ஒப்பிடப்பட்டன. ஒரு குழு 20 வாரங்கள் இடைவிடாது பயிற்சி செய்தது. மற்றொரு குழு 10 வாரப் பயிற்சி, 10 வார ஓய்வு, மீண்டும் 10 வாரப் பயிற்சி என்ற முறையைப் பின்பற்றியது. இறுதியில் இரு குழுக்களின் வலிமையும் தசைப் பருமனும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. ஓய்வுக்காலத்தில் தசைப் பருமனைவிட வலிமை நன்கு நிலைத்திருந்தது. மறுபயிற்சியின் முதல் 5 வாரங்களில் மீட்சி மிக விரைவாக நிகழ்ந்தது.

விளக்கங்கள்

நரம்புவழி விளக்கம்

வலிமை என்பது தசையின் பருமனை மட்டும் பொறுத்ததன்று. எத்தனை தசையிழைகளை ஒரே நேரத்தில் இயக்க முடிகிறது, எதிர்த்தசைகள் எவ்வளவு தளர்ந்து கொடுக்கின்றன என்பவற்றையும் பொறுத்தது. இவற்றை நரம்பு மண்டலம் கற்றுக்கொள்கிறது. இக்கல்வி தசையைச் சார்ந்து மட்டும் இல்லை என்பதற்கு 1894 ஆம் ஆண்டிலேயே சான்று கிடைத்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சிகிரிப்சர் குழுவினர், ஒரு கைக்கு மட்டும் பயிற்சி அளித்தபோது பயிற்சி பெறாத மறு கையின் வலிமையும் கூடியதைக் கண்டறிந்தனர். கற்ற இயக்கம் எளிதில் மறப்பதில்லை ஆதலால், மறுபயிற்சியின் முதல் வாரங்களில் வலிமை தசைப் பருமனை முந்திக்கொண்டு திரும்புகிறது.

உயிரணுக்கரு விளக்கம்

உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் ஒரு கருவே உண்டு. எலும்புத்தசையின் இழையிலோ பல கருக்கள் உள்ளன. ஒவ்வொரு கருவும் தன்னைச் சூழ்ந்த பகுதிக்குத் தேவையான புரத ஆக்கத்தை நெறிப்படுத்துகிறது. தசையிழை பருக்கும்போது, அதன் மேற்பரப்பில் உறங்குநிலையில் உள்ள துணைக்கோள் உயிரணுக்கள் விழித்துப் பெருகி, இழையுடன் இணைந்து புதிய கருக்களை வழங்குகின்றன. இவ்வுயிரணுக்களை 1961 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் மவுரோ கண்டறிந்தார்.

தசை நலிவுறும்போது இக்கூடுதல் கருக்கள் அழிந்துவிடும் என்று முன்னர் கருதப்பட்டது. 2010 ஆம் ஆண்டு நோர்வேயின் ஒசுலோ பல்கலைக்கழகத்தில் கிறித்தியான் குண்டர்சன் குழுவினர் உயிருள்ள சுண்டெலிகளின் தசையிழைகளை நேரடியாகப் படமெடுத்து ஆராய்ந்தனர். தசை குறிப்பிடத்தக்க அளவு பருப்பதற்கு முன்பே கருக்கள் கூடின. பின்னர் நரம்பைத் துண்டித்துத் தசையைக் கடுமையாக நலிவுறச் செய்தபோதும் அக்கருக்கள் எஞ்சியிருந்தன. எஞ்சிய கருக்கள் இருப்பதால், மீண்டும் பளு கிடைக்கும்போது புரத ஆக்கம் உடனே தொடங்கிவிடும் என்பது இக்குழுவினரின் விளக்கமாகும்.

மேல்மரபியல் விளக்கம்

மரபணு வரிசையை மாற்றாமல், எந்த மரபணு செயற்பட வேண்டும் என்பதை மட்டும் மாற்றும் வேதிக்குறிகளை ஆராய்வது மேல்மரபியல் ஆகும். டி.என்.ஏ.யின் மீது மெத்தைல் தொகுதி சேர்வது இத்தகைய குறிகளுள் ஒன்று. 2018 ஆம் ஆண்டு ஆடம் சார்ப்பிள்சு குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 7 வாரப் பயிற்சி, 7 வார ஓய்வு, 7 வார மறுபயிற்சி ஆகியவற்றுக்கு உட்பட்ட ஆண்களின் தசை மாதிரிகளில் 8,50,000 இடங்களுக்கு மேல் ஆராயப்பட்டன. மெத்தைல் குறிகள் குறைந்த இடங்கள், முதற்பயிற்சியைவிட மறுபயிற்சிக்குப் பின் ஏறத்தாழ இருமடங்காக இருந்தன. சில மரபணுக்களில் முதற்பயிற்சியின் குறி ஓய்வுக்காலத்திலும் மறையவில்லை.

கருத்து வேறுபாடுகள்

கருக்கள் நிலைத்திருக்கும் என்ற கருத்தை எல்லா ஆய்வுகளும் உறுதிசெய்யவில்லை. 2019 ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எடை சேர்த்த சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகள் பெற்ற கூடுதல் கருக்கள் 12 வார ஓய்வில் குறைந்துபோயின. அதே ஆண்டு மனிதரிடம் நிகழ்த்தப்பட்ட மற்றோர் ஆய்வில், ஒரு காலுக்கு மட்டும் 10 வாரப் பயிற்சியும், பின்னர் 20 வார ஓய்வும், இறுதியில் இரு கால்களுக்கும் 5 வாரப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. முன்பே பயிற்சி பெற்ற காலின் தசைத்தடிப்பு மற்றதைவிட விரைவாகக் கூடவில்லை. மாறாக, 2024 ஆம் ஆண்டு வெளியான ஒரு நோர்வே ஆய்வு, மனிதரின் முழங்கை மடக்கும் தசைகளில் 16 வார ஓய்வுக்குப் பின்னும் கருக்கள் நிலைத்திருப்பதற்குச் சான்றுகளை முன்வைத்தது.

ஆகவே மீட்சி விரைவாக நிகழ்கிறது என்பதற்குள்ள சான்று, அது ஏன் நிகழ்கிறது என்பதற்குள்ள சான்றைவிட வலுவானது. மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. அவை ஒருங்கே செயற்படக் கூடும்.

முதியோரும் தசை மீட்சியும்

இளைஞருக்குத் தசை இழப்பு பெரும்பாலும் தோற்றத்தையோ விளையாட்டையோ பற்றிய கவலையாகும். முதியவருக்கு அது நாற்காலியிலிருந்து தானே எழ இயலுமா என்னும் வினாவாகும். 2007 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், உடல்நலமுள்ள 12 முதியவர்கள் 10 நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்யப்பட்டனர். அவர்கள் கால்களில் மட்டும் சராசரியாக ஏறத்தாழ 1 கிலோகிராம் கொழுப்பற்ற திசுவை இழந்தனர். நோயின்றியே இவ்வளவு இழப்பு எனில், மருத்துவமனையில் நோயுற்றுப் படுத்திருப்போரின் நிலை இதனினும் கடினமானது. இதனால்தான் அறுவை மருத்துவத்துக்குப் பின் நோயாளரை இயன்றவரை விரைவில் எழுந்து நடக்கச் செய்கின்றனர்.

எனினும் மீட்சி முதுமையிலும் இயலும். 1997 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், 65 வயதைக் கடந்த ஆண்கள் 24 வாரப் பயிற்சிக்குப் பின் 12 வாரங்கள் ஓய்ந்திருந்தனர். அவர்கள் இழந்த வலிமை 8 வார மறுபயிற்சியில் திரும்பியது. துணைக்கோள் உயிரணுக்களின் செயற்பாடு முதுமையில் மந்தமாவதால், இளமையில் செய்யும் வலிமைப் பயிற்சி பிற்காலத்துக்கான சேமிப்பாக அமையலாம் என்று குண்டர்சன் குழுவினர் கருதுகின்றனர்.

மறுபயிற்சி முறை

மறுபயிற்சியில் பொதுவாகப் பின்பற்றப்படும் நெறிகள் வருமாறு:

* இடைவெளிக்கு முன் தூக்கிய எடையிலிருந்து தொடங்காமல், அதில் ஏறத்தாழ பாதியிலிருந்தும் குறைந்த சுற்றுகளிலிருந்தும் தொடங்குதல்.
* முதல் இரு வாரங்களில் களைத்துப்போகும் எல்லைவரை செல்லாதிருத்தல்.
* வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று நாட்கள் பயிற்சி செய்து, ஒரே தசைக்கு இடையில் ஒரு நாளாவது ஓய்வளித்தல்.
* எடையைச் சிறிது சிறிதாக வாரந்தோறும் கூட்டுதல்.
* போதிய உறக்கமும் புரதமும் பெறுதல். வலிமைப் பயிற்சி செய்வோருக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதுமானதாகக் கருதப்படுகிறது. சிறுநீரக நோயுள்ளோர் மருத்துவரைக் கேட்டே புரதத்தைக் கூட்ட வேண்டும்.

முழுமையாக நிறுத்துவதைவிடக் குறைத்துச் செய்வது பெரிதும் பயன் தரும். 2011 ஆம் ஆண்டு வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 16 வாரப் பயிற்சியில் பெற்ற தசையையும் வலிமையையும் இளைஞர்கள் ஒன்பதில் ஒரு பங்கு பயிற்சியாலேயே 32 வாரங்கள் தக்கவைத்துக்கொண்டனர். முதியவர்களும் வலிமையைத் தக்கவைத்தனர். ஆனால் தசைப் பருமனைக் காக்க அவர்களுக்கு அப்பயிற்சி போதவில்லை.

எச்சரிக்கைகள்

நரம்பு மண்டலமும் தசையும் விரைவாக மீள்வதே மறுபயிற்சியின் இடராகவும் அமைகிறது. தசையை எலும்புடன் பிணைக்கும் தசைநாண்கள் மெதுவாகவே பளுவுக்கு இசைகின்றன. பழைய எடையைத் தூக்க முடிகிறது என்பதனால் அதைத் தாங்கத் தசைநாண் ஆயத்தமாக உள்ளது என்று பொருளாகாது.

பழகாத பளுவால் ஏற்படும் தசைவலி பொதுவாக 24 முதல் 72 மணி நேரத்தில் உச்சமடைந்து தணியும். முன்னர் பெற்ற பயிற்சி இவ்வலிக்கு எதிராக அளித்த காப்பு நெடிய இடைவெளியில் மறைந்துவிடும். முதல் நாளிலேயே மிகையாகப் பயிற்சி செய்தால் தசையிழைகள் பெருமளவில் சிதைந்து, அவற்றிலுள்ள மயோகுளோபின் குருதியில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். இது ராப்டோமயோலிசிசு எனப்படும். தாங்கவொண்ணா வலி, தசை வீக்கம், கரும்பழுப்பு நிறச் சிறுநீர் ஆகியன இதன் அறிகுறிகள். இவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதய நோய், அண்மைய அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகியவற்றுக்குப் பின் பயிற்சிக்குத் திரும்புவோர் மருத்துவரின் ஒப்புதலுடன் தொடங்குதல் நன்று.

ஊக்கமருந்துத் தடையுடன் தொடர்பு

2013 ஆம் ஆண்டு குண்டர்சன் குழுவினர் சுண்டெலிகளுக்கு 14 நாட்கள் டெசுட்டோசுட்டிரோன் அளித்தபோது தசைக்கருக்கள் 66 விழுக்காடு கூடின. மருந்தை நிறுத்திய 3 வாரங்களில் தசையிழைகளின் பருமன் பழைய நிலைக்குக் குறைந்தது. கருக்களோ குறைந்தது 3 மாதங்கள் நீடித்தன. அதன்பின் பளு கொடுத்தபோது அவற்றின் தசையிழைகள் 6 நாட்களில் 31 விழுக்காடு பருத்தன. மருந்து பெறாத சுண்டெலிகளில் குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை. மனிதரிடமும் இவ்வாறே நிகழுமானால், தடைக்காலம் முடிந்து திரும்பும் விளையாட்டு வீரர், மருந்தின் தடயம் உடலில் இல்லாதபோதும் அதன் பயனை நுகர்பவராவார். உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2015 ஆம் ஆண்டு முதல், வேண்டுமென்றே இழைக்கப்படும் கடுமையான மீறல்களுக்கான தடைக்காலத்தை இரண்டு ஆண்டுகளிலிருந்து நான்கு ஆண்டுகளாக உயர்த்தியது. நான்கு ஆண்டுகளும் போதுமா என்னும் வினாவை இவ்வாய்வுகள் எழுப்பியுள்ளன.

இவற்றையும் பார்க்க

* எலும்புத்தசை
* உடற்பயிற்சி
* எடை தூக்குதல்
* தசை நலிவு
* மேல்மரபியல்