காலண்டர் அட்டை

2023 மார்கழியில் ஒரு விடிகாலை, திருத்தங்கலில் எங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளை நெம்பி அம்மாவை வெளியே தூக்கி வந்தோம். பின்கட்டில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்தோம். பத்து நிமிடத்தில் கண் திறந்தாள். நின்ற நாராயணப் பெருமாள் கோயிலுக்குப் போக வேண்டும் என்றுதான் முதலில் சொன்னாள்.

காரணங்கள் வரிசையாக வந்தன. வெறும் வயிறு, மார்கழி விரதம், பித்தம், வயசு. பார்த்த மருத்துவர் "ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்தார். இரண்டு குளிர்காலமாகக் குளித்து முடித்ததும் தலை வலிப்பதாக அம்மா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். குளியலறைச் சுவரில் தொங்கிய கேஸ் ஹீட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தமிழில் முனைவர் பட்டம் வாங்கி, பெண்ணுடல் அரசியலை வகுப்பில் நடத்தும் நானும் கேட்கவில்லை.

தை பிறந்த பிறகு ஹீட்டர் சரியாகப் பற்றவில்லை என்று மெக்கானிக்கை அழைத்தோம். பற்றவைத்துப் பார்த்தார். நீலமாக எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக நாக்கை நீட்டியது. மூடியைக் கழற்றினால் உள்ளே கரி.

"இது வாங்கி எத்தனை வருசம்மா ஆச்சு?"

"கரண்டு இல்லாம கிடந்தோம்ல தம்பி, அப்ப வாங்குனது."

2012இன் மின்வெட்டைச் சொல்கிறாள். பன்னிரண்டு வருடம். அவர் அண்ணாந்து பார்த்தார். மேலே இருந்த காற்றுச் சன்னலில் பழைய காலண்டர் அட்டை ஒன்று ஆணியடித்து அடைக்கப்பட்டிருந்தது.

"இதை ஏம்மா அடைச்சீங்க?"

அம்மா பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு என்னிடம் சொன்னாள்: "பக்கத்து வீட்டுல மாடி எடுத்துட்டாங்கள்ல. அங்க நின்னா எல்லாம் தெரியும். மானத்தோட குளிக்க வேணாமா?"

அந்த அட்டைக்கு ஒரு வரலாறு உண்டு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் ஆச்சியின் காலத்தில் வெந்நீர் வீட்டுக்கு வெளியே பிறந்தது. கொல்லையில் மூன்று கல், அதன்மேல் செப்பு அண்டா. விறகு ஈரமென்றால் ஊதி ஊதிக் கண் சிவக்கும். பிறகு நடுவில் குழாய் வைத்த செப்பு பாய்லர் வந்தது. அடியில் கரியும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டால் புகை அந்தக் குழாய் வழியே மேலே போய்விடும். மானம் பார்த்த இந்தப் பூமியில் தண்ணீர் இறைப்பதும் சுமப்பதும் சுட வைப்பதும் பெண்களின் வேலை. முதல் வெந்நீர் தாத்தாவுக்கு, அடுத்தது மாமாக்களுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. ஆச்சிக்கு மிஞ்சியது ஆறிய நீர்.

அந்த அடுப்புப் புகையையும் நல்லதென்று சொல்லமாட்டேன். 1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். சமையல் புகையை ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக உலகம் பார்க்கத் தொடங்கியதில் அந்த அளவீட்டுக்கு முக்கியப் பங்குண்டு. ஆனால் வெந்நீர் அடுப்பில் ஒன்று இருந்தது: நெருப்பு கொல்லையில், குளிப்பவள் உள்ளே. இரண்டும் ஒரே மூடிய அறைக்குள் இல்லை.

நெருப்பைக் குளியலறைக்குள் கொண்டுவந்த கதை லண்டனில் தொடங்குகிறது. 1868இல் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனுக்குடன் நீரைச் சுடவைக்கும் கருவியைச் செய்தார். ஐஸ்லாந்தின் 'கெய்சிர்' வெந்நீர் ஊற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். நம் 'கீசர்' அங்கிருந்து வந்த சொல்தான். எரிந்த வாயு வெளியேற அதில் புகைக்குழாய் கிடையாது. எரிந்தது எல்லாம் குளிப்பவர் இருந்த அறைக்குள்ளேயே கலந்தது. ஆச்சியின் செப்பு பாய்லருக்கு இருந்த குழாய் அந்தக் கருவிக்கு இல்லை.

இந்தியாவில் சமையல் எரிவாயுவை 1950களில் மும்பையில் பர்மா ஷெல் விற்கத் தொடங்கியது. முதல் இண்டேன் இணைப்பு 1965இல் கொல்கத்தாவில் தரப்பட்டது. தமிழ்நாட்டில் 2007இல் ஏழை வீடுகளுக்கு இலவச எரிவாயு அடுப்புத் திட்டம் வந்தது. 2016 மே 1 அன்று தொடங்கிய உஜ்வலா திட்டம் இணைப்பைப் பெண்ணின் பெயரிலேயே தந்தது. இவை பெண்ணின் நுரையீரலுக்குக் கிடைத்த விடுதலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சிலிண்டர் புத்தகம் பெண்ணின் பெயருக்கு வந்த பிறகும், வீட்டின் வரைபடம் அவளிடம் வரவில்லை. சன்னல் எங்கே, எவ்வளவு உயரம், அது யாருடைய மாடியைப் பார்க்கும் என்று கட்டும்போது அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.

எரிவாயு முழுதாக எரிய நிறையக் காற்று வேண்டும். மூடிய சிறு அறையில் ஹீட்டர் எரிய எரிய, இருக்கும் ஆக்சிஜனைச் சுடர் தின்றுவிடுகிறது. அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. பர்னரில் கரி அடைத்திருந்தால் இன்னும் கூடும். கசியும் கேஸ் நமக்குத் தெரியவேண்டும் என்றே அதில் நாற்றத்துக்கு ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, கால் துவளுதல், பிறகு நினைவு தப்புதல். குளியலறையில் விழுந்து, முதலில் வலிப்பு நோயாளிகளாகக் கருதப்பட்டவர்களைப் பற்றி இந்திய நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

அன்று அம்மாவின் ரத்தத்தில் அந்த வாயுவை யாரும் அளக்கவில்லை. ரத்தம் கம்மி என்பதும் உண்மையாக இருக்கலாம். ரத்தசோகை உள்ளவர்களை இந்த வாயு இன்னும் சீக்கிரம் வீழ்த்தும். நான் சொல்ல வருவது வேறு. ஒரு பெண் மயங்கி விழுந்தால் நாம் அவள் உடம்புக்குள்தான் காரணம் தேடுகிறோம். மாதவிலக்கு, பித்தம், விரதம், சத்துக்குறைவு. அவள் நின்ற அறையைத் தேடுவதில்லை.

இந்தப் பழக்கம் எங்கள் வட்டாரத்துக்குப் புதிதல்ல. சிவகாசியிலிருந்து இருவர் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். அதன் பிறகான நூறு ஆண்டுகளில் இந்த மண்ணின் பெண்கள் மருந்தோடும் குச்சியோடும்தான் வாழ்கிறார்கள். பட்டாசு ஆலைக் கட்டடங்களுக்கு விதிகள் உண்டு. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும், அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். விபத்து நடக்கும், ஓடி வெளியேற வழி வேண்டும் என்று ஒப்புக்கொண்டு எழுதிய விதிகள் அவை. ஆனால் 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டது போன்ற பெருவிபத்தோ, ஒருவர் மட்டும் கருகும் சிறுவிபத்தோ, மறுநாள் டீக்கடைப் பேச்சில் முதலில் அடிபடும் சொல் 'கவனக்குறைவு'தான். அறையில் எத்தனை பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள் என்ற கேள்வி பிறகுதான் வரும்.

வீட்டிலும் அதே சொல்தான். "பாத்துக் குளிக்கக் கூடாதா?" என்று அம்மாவிடம் கேட்டவர்கள் உண்டு. வெடிபொருளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறைக்குச் சிவகாசியில் அலுவலகம் இருக்கிறது. எரிவாயு சிலிண்டர்களுக்கான விதிகளும் அதே துறையின் பொறுப்புதான். ஆனால் எங்கள் குளியலறைக் கதவைத் தட்டி, உள்ளே சன்னல் திறந்திருக்கிறதா என்று பார்க்க எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. அதைப் பார்க்க வேண்டியவர்கள் நாம்தான்.

எல்லோரும் சொல்லும் அறிவுரை, "சன்னலைத் திறந்து வையுங்கள்" என்பது. சரியான அறிவுரைதான். ஆனால் அது குளிப்பவளின் உடம்பை மறந்துவிட்டுப் பேசுகிறது. பார்வைக்குப் பயந்து அடைத்த சன்னலை, மூச்சுக்காகத் திற என்றால் அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்? அம்மா பார்வையிலிருந்து தப்புவதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். இரண்டில் ஒன்றை அவள் தேர்ந்தெடுக்கும் நிலையே வரக்கூடாது.

ஆகவே, நெருப்பை மறுபடியும் கொல்லைக்கே அனுப்பினோம்.

பழைய ஹீட்டரைப் பழுதுபார்த்து ஓட்டலாம் என்ற யோசனையை விட்டோம். எங்கள் ஊர் உப்புத்தண்ணீர் அதன் செப்புக் குழாயை உள்ளே அடைத்திருந்தது, வெளியே கரி. மெக்கானிக் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவுகளைத் திறந்து வைத்து, இருந்த கேஸ் வெளியேறிய பிறகே கை வைத்தார். புதியதை வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15558 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பார்த்தேன். அதைக் குளியலறையில் மாட்டவில்லை. பின்சுவரின் வெளிப்பக்கம், சன்ஷேடுக்குக் கீழே, காற்றோடும் இடத்தில் மாட்டினோம். வெந்நீர் மட்டும் குழாய் வழியே சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. மழைக்குப் பயந்து அதைச் சுற்றி அலமாரி கட்ட வேண்டாம் என்றார் மெக்கானிக். கட்டினால் மறுபடியும் மூடிய அறைதான். சிலிண்டரும் வெளியே, நிமிர்ந்த நிலையில். பழைய ரப்பர் குழாயைத் தூக்கிப்போட்டு, தேதி அச்சிட்ட புதிய குழாய் போட்டோம்; ஐந்து வருடத்தில் அதையும் மாற்றவேண்டும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்த்தார். தீப்பெட்டி ஊரில் சொல்கிறேன், கசிவைப் பார்க்க ஒருபோதும் தீக்குச்சி கிழிக்காதீர்கள். கேஸ் நாற்றம் வந்தால் சுவிட்சைத் தொடாமல் வெளியே வந்து, 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். குளிக்கும்போது தலை கிறுகிறுத்தால் கதவைத் திறந்து வெளிக்காற்றுக்கு வாருங்கள். மருத்துவரிடம் வீட்டில் கேஸ் ஹீட்டர் இருப்பதை, அவர் கேட்காவிட்டாலும், சொல்லுங்கள்.

பழைய ஹீட்டருக்குப் பழைய இரும்புக்காரர் விலை கேட்டார். பர்னரைச் சுத்தியலால் நசுக்கிய பிறகே கொடுத்தேன். முழுசாகக் கொடுத்தால் அது தேய்த்துத் துடைக்கப்பட்டு இன்னொரு வீட்டுச் சுவரில் ஏறும்.

காலண்டர் அட்டையை எடுத்துவிட்டு, சாய்வான கண்ணாடிப் பட்டைகள் வைத்தோம். காற்று வரும், பார்வை வராது. அம்மா அதன்மேல் ஒரு துண்டையும் தொங்கவிட்டிருக்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லை. நெருப்பு இப்போது அந்த அறைக்குள் இல்லை.

எங்கள் ஊர் சிலப்பதிகாரத்தில் 'தங்கால்' என்ற பெயரில் வருகிறது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதை அது. செய்யாத குற்றத்துக்காக வார்த்திகன் சிறைப்படுகிறான். மனைவி கார்த்திகை மண்ணில் புரண்டு அழுகிறாள். ஐயை கோயிலின் கதவு திறக்க மறுக்கிறது. கதவு ஏன் திறக்கவில்லை என்று பாண்டியன் விசாரித்த பிறகுதான் அநீதி வெளியே வருகிறது. பல வருடங்களாக இதை நான் நீதி தவறிய அரசின் கதையாக மட்டுமே நடத்தியிருக்கிறேன். இந்த வருடம் அந்த மன்னனின் கேள்வியில் நின்றேன். கார்த்திகையின் அழுகையைப் 'பொம்பளைக் குணம்' என்று தள்ளிவிடாமல், அடைத்த கதவுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று தேடியிருக்கிறார்கள்.

வகுப்பில் பாடம் முடித்து, எங்கள் வீட்டுச் சன்னல் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"எங்க வீட்டுலயும் அட்டைதான் மேடம். ஹீட்டரும் உள்ளதான் இருக்கு."

அன்று வகுப்பு முடிய இன்னும் இருபது நிமிடம் இருந்தது. வெளியே போய் வீட்டுக்குப் போன் பேசிவிட்டு வரச் சொன்னேன்.