இசைப்பாடல்களில் ஒலியொப்பும் எழுத்தொப்பும்

ஒரே ஒலி இரு பொருள் தருவதைத் தமிழ் இலக்கண மரபு தொடக்கத்திலேயே கருத்திற் கொண்டது. தொல்காப்பியக் கிளவியாக்கம் பலபொருள் ஒருசொல்லை வினையால் வேறுபடுவது, வேறுபடாதது என இரண்டாகப் பகுக்கின்றது. வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவிய தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழி, பிரிமொழி என வகுக்கின்றது. சொல் பிரியாது நின்று பல பொருள் தருவது முன்னது. பிரிக்கும் இடம் மாறுவதால் பொருள் மாறுவது பின்னது. இவ்விரு வகையும் தனிப்பாடல்களோடு நின்றுவிடவில்லை. கருநாடக இசைப்பாடல்களிலும் வேறு வடிவில் தொடர்ந்தன.

முத்துசாமி தீட்சிதர் (1775–1835) தம் வடமொழிக் கீர்த்தனைகள் பலவற்றில் இராகத்தின் பெயரைப் பாடலின் பொருளோடு இயையுமாறு அமைத்தார். இது இராக முத்திரை எனப்படும். கல்யாணி, நீலாம்பரி போன்ற பெயர்கள் தாமே பொருளுடையன. மங்கலமானவள், நீல ஆடை அணிந்தவள் என இறைவியைக் குறிக்கவும் வல்லன. இது செம்மொழிச் சிலேடையின் பாற்படும். பொருள் அவ்வாறு நேரே இயையாத பெயர்களுக்குப் புணர்ச்சி துணைசெய்யும். ககர அகரத்தில் முடியும் ஒரு வடசொல்லின் பின் தாமரையைக் குறிக்கும் அம்போஜம் என்பது வரின், இரண்டு அகரங்களும் கூடி நீண்டு, காம்போஜி என்னும் இராகப் பெயரை நினைவூட்டும் ஒலித்தொடர் பிறக்கும். இது பிரிமொழியின் பாற்படும். அவருடைய குருகுஹ என்னும் முத்திரையும் முருகனின் பெயராக நிற்பதோடு, உள்ளக்குகையில் உறையும் குரு என்ற பொருளுக்கும் இடம் தருகின்றது.

ஸ்வராட்சரம் என்பது மற்றொரு வகை. பாடலின் எழுத்தும் அது பாடப்பெறும் சுரத்தின் பெயரும் ஒன்றாதலே இது. பாத என்னும் சொல் பஞ்சம தைவதங்களில் அமையின், கேட்பவர் சொல்லையும் சுரத்தையும் ஒருங்கே பெறுவர். முழுதும் ஒத்திருப்பதைச் சுத்தம் என்றும், ஓரளவு ஒத்துக் குறிப்பால் உணர்த்துவதைச் சூசிதம் என்றும் வழங்குவர். இங்கு இரண்டாம் பொருள் அகராதியில் இல்லை, இசையிலேயே உள்ளது.

இப்பாடல்கள் செவிவழி வழங்கியவரை இந்நயங்களுக்கு ஊறு நேரவில்லை. அச்சு வந்தபின் நிலை மாறியது. சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி 1904இல் எட்டயபுரத்தில் தெலுங்கு எழுத்தில் வெளிவந்தது. அதன் தமிழ் எழுத்துப் பதிப்பைச் சென்னை மியூசிக் அகாதெமி 1961 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. தெலுங்கு எழுத்து வடமொழியின் வல்லின வேறுபாடுகளை முழுமையாகக் காட்டும். தமிழ் எழுத்து காட்டாது. தமிழ்ச் சொற்களில் வல்லினத்தின் ஒலிப்பு, அது நிற்கும் இடத்தாற் பெரிதும் தெளிவாதலின் ஓரெழுத்தே போதுமானது. கடன்சொற்களில் அவ்வாறில்லை. பலம் என்னும் எழுத்துருவம் வலிமை, பயன், நிறுத்தலளவு ஆகிய மூன்றையும் குறிக்கும். மூன்றன் முதலொலியும் வேறு. குரு என்பது ஆசிரியரையும், 'செய்வாயாக' எனப் பொருள்படும் வடமொழி ஏவல் வினையையும் குறிக்கும். கானம் என்பது காடாகவும் பாட்டாகவும் நிற்கும். பாடலாசிரியர் கருதாத இவ்விருபொருட்டன்மை எழுத்தொப்பினால் விளைந்தது. இதனைச் சிலேடை எனல் பொருந்தாது. தமிழ் எழுத்தில் அச்சான இசைநூல்கள் வல்லெழுத்துகளின் மேல் 2, 3, 4 என்னும் எண்களை இட்டு இம்மயக்கத்தைக் களைய முயன்றுள்ளன.

இதற்கு மறுதலையான இழப்பும் உண்டு. பதிப்பாசிரியர் பொருள் விளங்கச் சொற்களைப் பிரித்து அச்சிடும்போது, புணர்ச்சியில் மறைந்திருந்த இராகப் பெயர் சிதைகின்றது. பிரிக்காது விட்டாலோ பாடுவோர் பொருளற்ற இடத்தில் மூச்சுவிட நேர்கின்றது. ஆக, எழுத்து இல்லாத இருபொருளைச் சேர்க்கிறது. பதம் பிரித்தல் உள்ள இருபொருளை அழிக்கிறது.

பாடலின் தலைப்பும் இச்சிக்கலுக்கு உட்பட்டதே. கீர்த்தனைகளுக்குத் தனித்தலைப்பு இல்லை. எடுப்புச் சொற்களே தலைப்பாகின்றன. தெலுங்கு, நாகரி அட்டவணைகளில் நான்கு வரிசைகளில் நிற்கும் ககர வருக்கப் பாடல்கள், தமிழ் அகரவரிசையில் ஒரே வரிசையில் விரவிவிடுகின்றன. மொழிக்கு மொழி அட்டவணைகளை ஒப்பிடுவோர் எண் குறியீட்டையும் கணக்கிற் கொள்ளாவிடில் வெவ்வேறு பாடல்களை ஒன்றெனக் கொள்ளக்கூடும்.

மொழிபெயர்ப்பாளர் முதலில் இவ்விரண்டையும் வேறுபடுத்தல் வேண்டும். எழுத்தொப்பு, மூல ஒலியை அறிந்து நீக்கத்தக்கது, ஒலியொப்பு, காக்கத்தக்கது. இராகப் பெயர் பொருளோடு இணைந்த இடத்தில் பொருளை மட்டும் பெயர்த்தால் பாடல் தன் இராகத்தைத் தானே கூறும் செய்தி மறைந்துபோகும். ஆதலின் புணர்ந்த வடிவை மேல்வரியிலும், பிரித்த வடிவைக் கீழ்வரியிலும் தந்து, பெயர்ப்பில் இராகப் பெயரை அவ்வாறே நிறுத்திப் பொருளை அடுத்துத் தருதல் தக்கது. ஸ்வராட்சரத்தைப் பெயர்ப்பில் கொணர இயலாதெனினும், சுரக்குறிப்பைச் சொல்லின் நேர்மேலே அச்சிட்டால் அது அங்கு உண்டு என்பதையேனும் படிப்பவர் காண்பர்.