மின்சாரக் கார்: கிள்ளான் பள்ளத்தாக்கில் உடைமையும் மின்னூட்டமும்

கிள்ளான் பள்ளத்தாக்கு என்பது கோலாலம்பூரும் அதைச் சூழ்ந்த சிலாங்கூர் நகரங்களும் சேர்ந்த பகுதி. மலேசியாவில் மின்சாரக் கார்களும் அவற்றுக்கான மின்னூட்ட நிலையங்களும் அதிகம் குவிந்திருப்பது இங்கேதான். பெட்ரோல் கார் வாங்குகிறவர் எந்த வகை வீட்டில் குடியிருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. மின்சாரக் காருக்கு அதுதான் முதல் கேள்வி: இரவில் காரை நிறுத்தும் இடத்தில் இருக்கும் சுவர் யாருடையது?

2010களின் தொடக்கத்தில் நிசான் லீஃப், மிட்சுபிஷி ஐ-மீவ் போன்றவை இங்கே விற்பனைக்கு வந்தும் எடுபடவில்லை. 2022 வரவுசெலவுத் திட்டத்தில் இறக்குமதி வரி, கலால் வரி, விற்பனை வரி, சாலை வரி நான்கும் விலக்கப்பட்ட பிறகே சந்தை அசைந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பி.ஒய்.டி. அட்டோ 3 வந்தது. 2023 ஜூலையில் டெஸ்லா வந்தது. ஆனாலும் முழுதாக இறக்குமதியாகும் மின்சாரக் காரை ஒரு லட்சம் வெள்ளிக்குக் குறைத்து விற்கக் கூடாது என்ற நிபந்தனை உள்நாட்டுத் தயாரிப்பாளர்களுக்கு வேலியாக நின்றது. வரிவிலக்கு யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை இந்த ஒரு நிபந்தனையே சொல்லிவிடும். நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டும் விலை, புரோட்டோன் இ.மாஸ் 7 (2024 டிசம்பர்), 60,000 வெள்ளிக்குள் தொடங்கிய இ.மாஸ் 5 (2025 அக்டோபர்) ஆகியவை வந்த பிறகுதான் பேச்சில் அடிபட்டது. பெரோடுவா தன் கியூ.வி.-இ காரை 80,000 வெள்ளிக்கு விற்று, பேட்டரியை மாதம் 275 வெள்ளி வாடகைக்குத் தருகிறது. இறக்குமதிக் கார்களுக்கான வரிவிலக்கு 2025 இறுதியோடு முடிந்தது; உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 இறுதி வரை உண்டு. சாலை வரி 2026 முதல் மோட்டாரின் திறனைப் பொறுத்து வசூலிக்கப்படுகிறது. 50 கிலோவாட் வரை ஆண்டுக்கு 20 வெள்ளி.

வீட்டுச் சார்ஜும் வெளிச் சார்ஜும்

2025 ஜூலையில் நடப்புக்கு வந்த, மின்விநியோக நிறுவனமான தெனாகா நேஷனலின் கட்டண முறைப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு ஒரு யூனிட் 44.43 சென்: மின்சாரத்துக்கு 27.03, உற்பத்தித் திறனுக்கு 4.55, மின்கம்பி வலையமைப்புக்கு 12.85. ஏ.சி. போட்டுக்கொண்டு 100 கிலோமீட்டர் ஓட ஏறக்குறைய 15 யூனிட் ஆகும் என்று வைத்தால் செலவு 6 வெள்ளி 66 சென். அதே தூரத்துக்குச் சிறிய பெட்ரோல் கார் ஆறரை லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய புடி 95 திட்டத்தின் உதவித்தொகை விலையான 1 வெள்ளி 99 சென்னில் அது ஏறத்தாழ 13 வெள்ளி. வெளியில் விரைவுச் சார்ஜரில் ஏற்றினால் கதை மாறுகிறது. யூனிட் 1 வெள்ளி 25 சென் என்று கொண்டாலே 100 கிலோமீட்டருக்கு 18 வெள்ளி 75 சென். பெட்ரோலை விட அதிகம். மின்சாரக் கார் மிச்சம் பிடிக்கும் என்ற பேச்சு, வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தவருக்கு மட்டுமே பொருந்தும்.

நேரத்துக்கேற்ற கட்டணத்தைத் தேர்ந்தெடுத்தால் இரவு பத்து முதல் மறுநாள் பிற்பகல் இரண்டு வரை யூனிட் 41.83 சென்னுக்கு இறங்குகிறது. 60 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்பினாலும் மிச்சம் ஒன்றரை வெள்ளிதான். ஒரு தே தாரேக்குக்குக்கூடக் காணாது. உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொரு வரம்பு. மாதப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் 10 வெள்ளி சில்லறைக் கட்டணமும் கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் சேரும். வேலை நாள்தோறும் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு 80 கிலோமீட்டர் போய்வரும் ஒருவரின் கார் மாதம் 260 யூனிட் வரை இழுக்கும். இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ள அது போதும்.

கிள்ளானில் தாமான் ஸ்ரீ அண்டலாஸ், தாமான் சி லியூங் போன்ற பழைய குடியிருப்புகளின் வரிசை வீடுகளில் போர்ச் உண்டு, சுவரும் சொந்தம். சிக்கல் மின் இணைப்பில். பெரும்பாலான பழைய வீடுகளுக்கு ஒருமுனை இணைப்பே இருக்கிறது. 7 கிலோவாட் சுவர்ச் சார்ஜர் தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும். அதோடு தண்ணீர்ச் சூடேற்றியும் ஏ.சி.யும் சேர்ந்தால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். மும்முனை இணைப்புக்கு மாற, பதிவுபெற்ற மின் ஒப்பந்தக்காரர் வழியாகத் தெனாகாவிடம் விண்ணப்பிக்க வேண்டும். மேற்சொன்ன 80 கிலோமீட்டருக்குத் தேவை 12 யூனிட்தான். காரோடு வரும் மூன்று முள் பிளக்கிலேயே ஆறு மணி நேரத்தில் அது ஏறிவிடும். சுவர்ச் சார்ஜருக்கு அவசரப்பட்டுச் செலவழிக்கிறவர்கள் பலருக்கு அது தேவையே இல்லை. ஆனால் சலவை இயந்திரத்தோடு ஒரே கம்பியைப் பகிரும் பழைய பிளக்கில் இரவெல்லாம் சார்ஜ் போட்டால் பிளக் உருகும். தனிக் கம்பி இழுப்பது கட்டாயம். 2021 டிசம்பர் வெள்ளத்தில் அருகிலுள்ள தாமான் ஸ்ரீ மூடா குடியிருப்பு மூழ்கியதைப் பார்த்தவர்கள் சார்ஜரை எந்த உயரத்தில் மாட்டுவது என்பதையும் யோசிக்கிறார்கள்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நிலைமை நேர்மாறு. துன் சம்பந்தன் சாலையை ஒட்டிக் கடைவீடுகளும் அவற்றுக்குப் பின்னால் அடுக்குமாடிகளுமாக நெருங்கி நிற்கும் இடம் அது. கார் நிறுத்துமிடம் அடித்தளத்தில் இருக்கும். வீட்டு மீட்டரோ மாடி மீட்டர் அறையில். இரண்டுக்கும் நடுவே ஓடும் கம்பி பொதுச் சொத்தின் வழியே போவதால், 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாகக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதலில் கேட்பவருக்குக் கொடுத்தால் பத்தாவது ஆளுக்குக் கட்டடத்தின் மின்சுமை தாங்குமா என்பது குழுவின் கேள்வி. அடித்தளத்தில் லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எப்படி உள்ளே வரும் என்பது அடுத்தது. இரண்டும் நியாயமான கேள்விகளே. பதில் சொல்லாமல் கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிவைப்பதுதான் நியாயமில்லை. சார்ஜர் வைப்பதற்கும் வாடகைக்கு எடுப்பதற்கும் 2,500 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. ஒப்புதல் கிடைக்காதவருக்கு அதனால் பயனில்லை.

ஆகவே அடுக்குமாடிவாசிகள் பொதுச் சார்ஜரை நம்பியிருக்கிறார்கள். ஜென்டாரி, சார்ஜ்.இ.வி., ஜோம்சார்ஜ், ஷெல் ரீசார்ஜ், தெனாகாவின் டி.என்.பி. எலெக்ட்ரான் எனப் பல நிறுவனங்கள் இந்தத் தொழிலில் உள்ளன. டெஸ்லா தன் முதல் சூப்பர்சார்ஜரை பெவிலியன் கோலாலம்பூரில் திறந்தது. 2025க்குள் நாடெங்கும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்ற அரசின் இலக்கில், 2024 முடியும்போது பாதிகூட எட்டப்படவில்லை. எண்ணிக்கையை விட வேகம் முக்கியம் என்பதைச் சாப்பாட்டு நேரத்தை வைத்தே பார்க்கலாம். வாழையிலைச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். 7 கிலோவாட் சார்ஜரில் அதற்குள் ஏறுவது 5 யூனிட். கிள்ளானிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவே அது காணுமா என்பது சந்தேகம். 60 கிலோவாட் விரைவுச் சார்ஜரானால் அதே நேரத்தில் பேட்டரியின் பெரும்பகுதி நிரம்பும். தீபாவளிக்கு ஈப்போவுக்கோ பினாங்குக்கோ போகிறவர்கள் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் தேடுவது இந்த இரண்டாவது வகையைத்தான்.

சூரிய ஒளியும் சேமிப்பும்

5 கிலோவாட் கூரைத் தகடுகள் நல்ல வெயில் நாளில் 18 யூனிட் வரை தரும். ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓட்டலாம். வெயில் அடிக்கும் நேரத்தில் கார் அலுவலக வாகன நிறுத்துமிடத்தில் கிடக்கிறது என்பதுதான் குறுக்கே நிற்பது. 2025 ஜூன் வரை விண்ணப்பங்களை ஏற்ற என்.இ.எம். எனப்படும் நிகர அளவீட்டுத் திட்டத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. பகலில் வலையமைப்புக்குக் கொடுத்த யூனிட்டை இரவில் யூனிட்டுக்கு யூனிட் கழித்துக்கொள்ளலாம். தெனாகாவே பேட்டரிபோல இருந்தது. 2026இல் அதன் இடத்துக்கு வந்த சோலார் அத்தாப் திட்டத்தில் ஈடு, மின்சாரத்துக்கான கட்டணப் பகுதிக்கு மட்டுமே. மிஞ்சுவதை அடுத்த மாதத்துக்கு எடுத்துச் செல்ல முடியாது. வீட்டுப் பேட்டரி பற்றிப் பலர் விசாரிப்பதற்கு இதுவே காரணம்.

இரவில் கிள்ளானில் ஏறும் சார்ஜ் எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. 1953இல் தொடங்கிய கொன்னாட் பாலம் மின் நிலையம் முதற்கொண்டு இந்த ஊர் நாட்டுக்கு மின்சாரம் அனுப்பி வந்திருக்கிறது. காப்பார் கடலோரத்திலுள்ள சுல்தான் சலாவுடின் அப்துல் அஸிஸ் ஷா நிலையம் 2,420 மெகாவாட் திறன் கொண்டது. அதன் முக்கிய எரிபொருள் கப்பலில் வந்திறங்கும் நிலக்கரி. அதன் மின் கொள்முதல் ஒப்பந்தம் 2029இல் முடிகிறது. நிலக்கரியை முழுதாகக் கைவிட அரசு வைத்திருக்கும் ஆண்டு 2044.

பகல் வெயிலுக்கும் இரவுத் தேவைக்கும் உள்ள இடைவெளியை நிரப்ப எரிசக்தி ஆணையம் தீபகற்பத்தில் தலா 100 மெகாவாட், 400 மெகாவாட்-மணி அளவில் நான்கு பேட்டரிக் கிடங்குகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியது. நான்கும் நிரம்பினால் 1,600 மெகாவாட்-மணி. காப்பார் முழுத் திறனில் ஓடினால் நாற்பது நிமிடத்தில் தரும் மின்சாரம் அது. 60 யூனிட் பேட்டரி கொண்ட கார்களாகக் கணக்கிட்டால் சுமார் 27,000 கார்கள். 2024 முடிவதற்குள்ளேயே நாட்டில் 30,000க்கு மேற்பட்ட மின்சாரக் கார்கள் பதிவாகிவிட்டன. அந்தக் கார்களின் பேட்டரியிலுள்ள மின்சாரத்தை வலையமைப்புக்குத் திருப்பிக் கொடுக்கும் வசதி மலேசிய வீடுகளில் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அட்டோ 3 போன்ற கார்களில் இப்போதைக்குச் செய்ய முடிவது, மின்வெட்டின்போது கம்பி இழுத்து மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் ஓட்டுவது.