பழவேற்காடு: கல்லில் எழுதப்படாத பெயர்கள்

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் ஏரிக்கும் நடுவே அமைந்துள்ளது பழவேற்காடு. பாலாற்றங்கரை வாலாஜாபாத்தில் தறியோசை கேட்டு வளர்ந்த எமக்கு, துணியின் வரலாறு அறிய வேண்டுமாயின் இத்துறைமுகத்தைக் காணாதிருத்தல் இயலாது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த போர்ச்சுக்கீசியர் அன்னை மரியாவுக்கு ஆலயம் எழுப்பினர். 1515ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொள்ளும் மகிமை மாதா திருத்தலம் இன்றும் திருப்பயணிகளை ஈர்க்கிறது. 1610இல் விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் இசைவுடன் டச்சுக்காரர் காலூன்றினர். 1613இல் கெல்டிரியா கோட்டை உருவாயிற்று. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்திற்கு மாறும்வரை, சோழமண்டலக் கரையில் அவர்தம் வணிகத்திற்கு இதுவே தலைநகர்.

அவ்வணிகத்தின் உயிர்நாடி துணியே. கீழைத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் வெள்ளிக்கு மட்டும் வாங்கப்படவில்லை. நம் நெசவாளர் நெய்த துணியும் அவற்றுக்கு விலையாயிற்று. பழவேற்காட்டின் பெயர் தாங்கிய கட்டம் போட்ட லுங்கிகள் கடல் கடந்து புகழ்பெற்றன.

ஆயினும் அதே கப்பல்களில் மனிதரும் ஏற்றப்பட்டனர். பஞ்சமும் போரும் வாட்டிய காலங்களில், பசியால் விற்கப்பட்டோரும் பிடித்து விற்கப்பட்டோரும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு அனுப்பப்பட்டனர்.

இன்று கோட்டை மண்மேடாகிப் புதர் மண்டிக் கிடக்கிறது. ஏரியில் பூநாரைகள் வந்திறங்க, மீனவர் படகு செலுத்துகின்றனர். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாயிலில், கல்லில் வடித்த எலும்புக்கூடுகள் நிற்கின்றன. உள்ளே அழகிய எழுத்துகளில் வணிகரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. செல்வரும் சாவர் என்பதை அவ்வாயில் உரைக்கிறது. ஆனால் துணி நெய்தவருக்கும், விலங்கிடப்பட்டுக் கப்பலேறியவருக்கும் அங்கே ஒரு கல்லும் இல்லை.

பழவேற்காட்டுக்குச் செல்வோர் மகிமை மாதாவை வணங்கியபின் அந்தக் கரையிலும் சற்று நிற்றல் நன்று. கல்லறைகளின் பெயர்களைக் கல் காத்துக்கொள்ளும். பெயரின்றிப் போனோரை நினைந்து மன்றாடுதல் நம் கடன். நாம் மறந்தாலும், தாயின் கருவிலேயே நம்மைப் பெயர் சொல்லி அழைத்த இறைவன் அவர்களை மறப்பாரோ?