மஸ்கெலியா: நாம் கடந்து சென்ற வாசல்



நத்தார் விடுமுறைக்குத் தாயகம் செல்லவிருக்கும் குடும்பங்கள் சில, பிள்ளைகளைச் சிவனொளிபாத மலைக்கு அழைத்துச் செல்ல வழி கேட்டன. வழி எளிது. அட்டனில் புகையிரதத்தை விட்டிறங்கி, மஸ்கெலியாப் பள்ளத்தாக்கினூடாக நல்லதண்ணியை அடைய வேண்டும். அங்கிருந்து ஏறத்தாழ 5,500 படிகள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசிப் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம்.

2,243 மீற்றர் உயரமான அச்சிகரத்தைப் பௌத்தரும், சைவரும், இஸ்லாமியரும், கிறிஸ்தவருட் சிலரும் புனிதமாகப் போற்றுகின்றனர். 1344இல் இபின் பதூதா அதில் ஏறினார். அதே நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த பிரான்சிஸ்கன் துறவி மரிஞ்ஞொல்லியும் ஆதாமின் மலையைப் பற்றி எழுதிவைத்தார். சிகரத்தைப் பற்றி எழுதியவர்கள் பலர். அதன் அடியில் வாழ்வோரைப் பற்றி எழுதியவர்கள் சிலரே.

அப்பள்ளத்தாக்கின் காடுகளை அழித்துக் கோப்பி பயிரிட்டது ஆங்கிலேயரின் முதல். உழைப்போ தமிழ்நாட்டிலிருந்து வந்த ஏழைகளுடையது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தவர்களுள் எண்ணற்றோர் பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே மாண்டனர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், தேயிலை வந்தது. 1884இல் புகையிரதம் அட்டனை எட்டியது. தொழிலாளரோ லயன் அறைகளிலேயே தலைமுறைகளைக் கழித்தனர்.

1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அக்கேள்வியே தமிழ்க் காங்கிரசைப் பிளந்து, 1949இல் தமிழரசுக் கட்சி பிறக்கக் காரணமாயிற்று. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. அவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீரச் சட்டம் வந்தது 2003இலேதான்.

1969இல் மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரை மூழ்கடித்தது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயில்களின் எச்சங்கள் சேற்றிலிருந்து தலைகாட்டும். அந்நீரில் பிறந்த மின்சாரம் தொலைநகரங்களை ஒளிர்வித்த பின்னரும், அக்கரையின் லயன்கள் பல நெடுங்காலம் குப்பிவிளக்கிலேயே இருந்தன.

கண்டியில் குருமாணவனாயிருந்த நாளில் நானும் அவ்வழியே சென்றேன். விடியற்காலைச் சூரியனைக் காணும் அவசரம் எனக்கு. கொழுந்துக் கூடையுடன் ஒதுங்கி நின்று எங்களுக்கு வழிவிட்ட தாய்மாரை நான் ஏறிட்டும் பார்க்கவில்லை. நான் யாழ்ப்பாணத்தான், அவர்கள் தோட்டத்தார் என்ற எண்ணம் என் உள்ளத்தில் இருந்தது. அதை இன்று பாவமென்று அறிக்கையிடுகிறேன்.

உருமாற்ற மலையில் கூடாரம் அமைத்துத் தங்கவே பேதுரு விரும்பினார். ஆண்டவரோ அவர்களைக் கீழே அழைத்து வந்தார். அங்கே நோயுற்ற மகனுடன் ஒரு தந்தை காத்திருந்தார்.

ஸ்காபரோவில் நாம் அகதிகளாய் வந்திறங்கியபோது, நமக்குக் குடியுரிமை கிடைக்கச் சில ஆண்டுகளே சென்றன. அங்கே நம்மவர் அரை நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தனர். ஆகவே, பெற்றோரே, சிகரம் கண்டு இறங்கியதும் உடனே வாகனம் ஏறிவிடாதீர்கள். மஸ்கெலியாவில் ஒரு பகற்பொழுதேனும் தங்குங்கள். அங்குள்ளோருடன் அமர்ந்து தேநீர் அருந்தி, அவர்கள் பெயரைக் கேளுங்கள். அது வாசல் மட்டுமன்று, ஒரு மக்களின் வீடு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.