மேடைக்கும் கடைக்கும் நடுவே

புத்தகத் திருவிழாவில் கடை போட வரும் பதிப்பாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் டீ ஆறுவதற்குள் ஒரு குறை வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மேடையில் பேச்சு தொடங்கிவிட்டால் கடைப் பக்கம் ஈ காக்கை இல்லை. பேச்சு முடிந்ததும் கூட்டம் நேரே பஸ் ஸ்டாண்டைப் பார்த்துப் போய்விடுகிறது. விழாக் குழுவினர் சொல்லும் கணக்கு வேறு. பேச்சு இல்லாவிட்டால் இந்த ஜனத்தில் பாதி மைதானத்துக்குள் காலே வைத்திருக்காது என்பார்கள். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆனால் தமிழ்ப் புத்தகம் நெடுங்காலம் காதுவழியாகவே தன் வாசகரைத் தேடிப் போனது என்பதை இரண்டு தரப்புமே மறந்துவிட்டுப் பேசுகின்றன.

அச்சு வருவதற்கு முன் ஒரு நூல் வெளியாவது என்றால் அது அரங்கேறுவதுதான். சேக்கிழாருக்குத் தில்லை, கம்பனுக்குத் திருவரங்கம், கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்குக் காஞ்சிக் குமரகோட்டம் என்று மரபு இடம் குறித்து வைத்திருக்கிறது. இவற்றில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கதை என்று பிரிப்பது வேறு வேலை. நூலின் பெயரோடு அதை முதலில் கேட்ட ஊரின் பெயரையும் சேர்த்து நினைவில் வைத்தார்கள் என்பதே இங்கே வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வந்தால் சான்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஊர் ஊராகத் தலபுராணம் பாடினார். ஊர்ப் பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள், செலவை ஏற்பார்கள். பாடி முடித்ததும் கோயில் மண்டபத்தில் நாளுக்குச் சில பாடல்களாகப் படித்துப் பொருள் சொல்லி அரங்கேற்றம் நடக்கும். உ.வே.சாமிநாதையர் தம் ஆசிரியரின் சரித்திரத்தில் இவற்றை விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆசிரியர் நேரில் வந்து, ஊர் கூடியிருக்க, தம் நூலைப் பற்றித் தாமே பேசுவது என்ற ஏற்பாடு நமக்குப் புதிதில்லை. ஷாமியானாவும் மைக்கும்தான் புதிது.

அந்தச் சாமிநாதையரே 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டபோது நிலைமை மாறியிருந்தது. இப்போது ஊருக்குப் பதிலாகக் கையொப்பக்காரர்கள். நூல் வருமுன்பே இன்னின்னார் இத்தனை பிரதி வாங்கிக்கொள்கிறோம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தைரியத்தில் காகிதம் வாங்குவார்கள். கேட்கும் கூட்டம் வாங்குவோர் பட்டியலாகச் சுருங்கிய காலம் அது. இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று பதிப்பகங்கள் அறிவிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

இதெல்லாம் கற்றவர் சபை. சந்தையில் நடந்தது வேறு. 1835இல் வந்த சட்டத்தால் இந்தியர்கள் அச்சகம் வைத்துக்கொள்ள இருந்த தடை நீங்கியபின், சென்னை குஜிலிக் கடைப் பக்கமிருந்து மலிவுப் புத்தகங்கள் கிளம்பின. அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை, பாட்டுப் புத்தகங்கள், கொலைச் சிந்துகள். அட்டையில் ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருக்கும். திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்கும் வீடுகளுக்கு அது தோதானது. நான்கு பக்கம், எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகங்களைச் சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் ரயிலிலும் விற்றவர்கள், விற்பதற்கு முன் பாடிக் காட்டினார்கள். எங்கோ நடந்த ரயில் விபத்தையோ வெள்ளத்தையோ கொலையையோ பாதிவரை பாடி நிறுத்துவார்கள். மீதி வேண்டுமென்றால் அரையணா. மேடையும் கடையும் ஒரே ஆளிடம் இருந்த காலம் அது. இன்றைய பதிப்பாளரின் குறைக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாட்டுக்காரர் பாட்டை முழுதும் பாடி முடித்துவிடவில்லை என்பதையும் இன்றைய பேச்சாளர்கள் கவனிக்கலாம்.

நாவல் வந்தபின் தனியாக, வாய்க்குள் படிக்கும் பழக்கம் மெல்லப் பரவியதை ஆ.இரா.வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ நூலில் ஆராய்ந்திருக்கிறார். ஆனால் கூடிப் படிப்பது அதனால் அற்றுப்போய்விடவில்லை. திராவிட இயக்கப் படிப்பகங்களிலும் முடிதிருத்தும் கடைகளிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள். பொதுக்கூட்ட மேடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துச் சிறு வெளியீடுகளை விற்றார்கள். காரைக்குடியில் 1939இல் சா.கணேசன் தொடங்கிய கம்பன் கழகமோ ஒரே ஒரு நூலுக்காக ஆண்டுதோறும் திருவிழா எடுத்தது. பட்டிமன்றம் இன்றைய உருவத்தைப் பெற்றதில் அந்த விழாக்களுக்குப் பெரும்பங்கு உண்டு. இடதுசாரிகள் பக்கம், 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் சோவியத் நாட்டு நூல்களின் தமிழ்ப் பதிப்புகளை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனது. வழவழப்பான படங்களோடு சொற்ப விலையில் வந்த அந்தச் சிறுவர் நூல்களை இன்றும் பழைய புத்தகக் கடைகளில் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

வண்டி என்றதும் மன்னார்குடியைச் சொல்லாமல் தாண்ட முடியாது. அதன் அருகிலுள்ள மேலவாசலில் 1931இல் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் மாட்டுவண்டியில் நூலகம் அமைத்துக் கிராமங்களுக்குப் புத்தகம் கொண்டுபோனார். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.அரங்கநாதன் தம் நூலகவியலின் ஐந்து விதிகளை நூலாக வெளியிட்டதும் அதே 1931இல்தான். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அவற்றில் இரண்டு. 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகத் தொடங்கியது. இன்று தமிழ்ப் பதிப்பாளர் நூலக ஆணையை நம்பி அச்சகத்துக்குப் போவதற்கு அடிப்படை அந்தச் சட்டம்தான். ஆணை வந்தால் மூச்சு வரும், தாமதமானால் கிடங்கில் கட்டு கட்டாகக் கிடக்கும். புத்தகக் காட்சிகள் பதிப்புத் தொழிலுக்கு இவ்வளவு முக்கியமாகிப்போனதற்கு இந்த நிச்சயமின்மையும் ஒரு காரணம்.

பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசியின் சென்னைப் புத்தகக் காட்சி 1977இல் அண்ணா சாலையில் மதரசா-இ-ஆசம் பள்ளி வளாகத்தில் இருபத்துச் சொச்சம் கடைகளோடு தொடங்கியது. இப்போது நந்தனத்தில் ஏறத்தாழ 900 கடைகள். அது பெருநகரத்தின் பொங்கல் சந்தை, அதன் தர்க்கம் வேறு. நான் இங்கே பேச நினைப்பது வெளியூர்களைப் பற்றி. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1998இல் ஒரு புத்தகக் கண்காட்சியைத் தொடங்கியது. ஈரோட்டில் 2005இல் மக்கள் சிந்தனைப் பேரவை தொடங்கியது. திண்டுக்கல்லில் இலக்கியக் களம், புதுக்கோட்டையில் அறிவியல் இயக்கம் என்று ஒவ்வோர் ஊரிலும் ஓர் அமைப்பு தோள் கொடுத்தது. 2022க்குப் பின் தமிழ்நாடு அரசு எல்லா மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழா நடத்த முற்பட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, மாலையில் உரை உண்டு.

ஈரோட்டைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். ஆகஸ்டில் பன்னிரண்டு நாள். நெடுங்காலம் வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நடந்து, பின்பு சிக்கய்ய நாயக்கர் கல்லூரிக்கு இடம் மாறியது. இருநூறுக்கும் மேற்பட்ட அரங்குகள். வெளிநாட்டுத் தமிழ் எழுத்தாளர்களின் நூல்களுக்கென்று உலகத் தமிழர் படைப்பரங்கம் தனியாக. பேரவையின் தலைவர் த.ஸ்டாலின் குணசேகரன் ‘விடுதலை வேள்வியில் தமிழகம்’ தொகுத்தவர். அப்துல் கலாம் வந்து பேசிய மேடை இது. எனினும் இங்கே என்னை ஈர்ப்பது மேடையைக் காட்டிலும் உண்டியல்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்து, ஆண்டு முழுதும் சேர்த்த காசோடு ஆகஸ்டில் வரச் சொன்னார்கள். குறிப்பிட்ட தொகைக்குப் புத்தகம் வாங்கும் மாணவருக்கு ‘நூல் ஆர்வலர்’ என்று சான்றிதழ். பெரிய பேச்சுகளால் ஆகாத ஒரு காரியம் இதில் நடக்கிறது: புத்தகத்துக்கென்று ஒதுக்கிய பணம் என்ற ஒன்று ஒரு வீட்டில் முதன்முதலாக உண்டாகிறது.

உண்டியல் காசோடு வரும் பிள்ளையைக் கடைக்குள் பார்க்க வேண்டும். விலையுயர்ந்த அடுக்குகளின் பக்கமே போகாது. பின்னட்டையைத் திருப்பி விலை பார்த்துத்தான் முன்னட்டைக்கு வரும். தேர்ந்தெடுத்தபின் மேசைமேல் கொட்டிய காசைக் கடைக்காரர் ஐந்து ரூபாய் தனி, இரண்டு ரூபாய் தனி என்று அடுக்கிக்கொண்டிருக்கப் பின்னால் வரிசை நீளும். ஒரு முறை விற்பனைக்கு நின்ற உள்ளூர்ப் பையன், “இன்னும் பன்னெண்டு ரூவா கொறையுதே கண்ணு” என்றான். “இதை வெச்சுட்டு அதை மட்டும் எடுத்துக்கட்டுங்களாண்ணா?” என்று கேட்டது பிள்ளை. அவன் கணினிப் பில்லைப் பார்த்தான், முதலாளி இருக்கும் திசையைப் பார்த்தான், இரண்டையும் கவரில் போட்டுக் கொடுத்தான். வழக்கமான பத்து சதவீதக் கழிவுக்கு மேலே போன அந்தப் பன்னிரண்டு ரூபாயை எந்தக் கணக்கில் எழுதினானோ.

கடை போடுபவரின் கணக்கு எளிதானதன்று. பத்துக்குப் பத்து அடி அரங்குக்கு வாடகை, சென்னையிலிருந்து கட்டுகளை அனுப்ப லாரிக் கூலி, இரண்டு விற்பனையாளருக்குப் படியும் தங்குமிடமும், போதாததற்கு ஒரு நாள் மழை. தகரக் கூரையில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்போதும் விலையுயர்ந்த கெட்டி அட்டைப் பதிப்புதான். இத்தனையும் போக மிஞ்சினால் லாபம். சிறு பதிப்பகங்கள் பல தாமே வராமல் விற்பனை உரிமை பெற்ற ஒருவரின் அரங்கில் இடம் கேட்டுக்கொள்கின்றன. அங்கே எந்த நூல் கண்ணில் படும், எது கீழ்த்தட்டில் முதுகைக் காட்டிக் கிடக்கும் என்பது அடுக்குபவர் கையில். இப்படிப்பட்டவரிடம் போய் அரங்கேற்ற மரபைப் பேசினால் அவர் பொறுமையாகக் கேட்பார் என்று சொல்ல மாட்டேன்.

ஆகவே மேடையைச் சும்மா புகழ்ந்துவிட்டுப் போவதும் நியாயமில்லை. மேடை எங்கே பிசகுகிறது என்பதற்கு மாலை நிகழ்ச்சி நிரலே சாட்சி. தொலைக்காட்சியில் முகம் தெரிந்த பேச்சாளருக்கு மாலை ஏழு மணி. நாற்பது ஆண்டு எழுதிய நாவலாசிரியருக்குக் காலை பதினொன்று. கேட்பதற்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரிசையில் அழைத்துவரப்பட்டு, பசியோடு தரையில் உட்கார்ந்திருக்கும் ஏழாம் வகுப்பு. அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை, அவருக்கும் நல்லதில்லை. மாலைப் பேச்சில் தன்னம்பிக்கை இருக்கிறது, நகைச்சுவை இருக்கிறது, அம்மாவைப் பற்றி ஓர் உருக்கமான இடம் இருக்கிறது. புத்தகத்தின் பெயர் ஒன்றுகூட இல்லாமல் ஒன்றரை மணி நேரம் போய்விடுகிறது. வாசிப்பு ஏன் தேவை என்று பேசுவது எளிது. ஒரு நூலை எடுத்துக்கொண்டு, அதில் வரும் ஒரு மனிதரை ஐயாயிரம் பேர் முன்னால் நடக்கவைத்துக் காட்டுவது கடினம். அதைச் செய்யக்கூடியவர்கள் நம்மிடம் குறைவில்லை. ஜனம் அதைக் கேட்காது என்பது அமைப்பாளர்களின் பயம். கம்பனின் ஒரே பாட்டைச் சொல்லிக் காரைக்குடியில் கூட்டத்தை மணிக்கணக்கில் உட்காரவைத்தவர்கள் இருந்த நாட்டில் இந்தப் பயம் கொஞ்சம் மிகையானது.

அப்படிப்பட்ட பேச்சு அபூர்வமாக அமையும் இரவுகளில் கடைப்பக்கம் நடப்பதைப் பார்த்திருக்கிறேன். பூக்கடைப் பையைக் கையில் பிடித்த ஓர் அம்மாள், கணவர் பைக்கை எடுக்கப் போன இடைவெளியில், முதல் வரிசைக் கடையில் வந்து நிற்கிறார். “இப்ப அய்யா சொன்னாரே, அந்தப் பொண்ணு கெணத்துக்குப் போற கதை, அது இருக்குங்களா?” நூலின் பெயர் அவருக்கு நினைவில்லை, ஆசிரியர் பெயர் காதில் விழவே இல்லை. விற்பனைக்கு நின்றவனும் பேச்சைக் கேட்கவில்லை, பில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் அடுத்த கடைக்குக் கை காட்டினான். அங்கேயும் தெரியவில்லை. வெளியே ஹாரன் கேட்டது, அந்த அம்மாள் போய்விட்டார். மேடைக்கும் அந்தக் கடைக்கும் நூறு அடி இருந்தால் அதிகம். அரங்கநாதன் சொன்ன வாசகரும் நூலும் அந்த நூறு அடிக்குள்ளேயே ஒன்றையொன்று தவறவிட்டுவிட்டன.

இதைச் சரிசெய்யப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. அன்றைய உரையில் பேசப்படும் நூல்களின் பெயரும் அரங்கு எண்ணும் எழுதிய பலகை ஒன்றை வெளியே போகும் வழியில் வைக்கலாம். உரையை ஏழரைக்கு முடித்தால் கடை மூட இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும். வாழ்த்துரைகளைக் குறைத்தால் ஏழரை என்பது நடக்கக்கூடியதுதான். எழுத்தாளரைப் பேசி முடித்ததும் காரில் ஏற்றி அனுப்பாமல் தம் நூல் இருக்கும் கடையில் அரைமணி உட்காரச் சொல்லலாம். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாகவே உட்காருவார்கள். பேச்சாளருக்கு அழைப்பு அனுப்பும்போதே எந்த நூல்களைப் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்று கேட்டு வாங்கி, பத்து நாள் முன்னதாகப் பதிப்பாளர்களுக்குத் தெரியப்படுத்திவிட வேண்டும். லாரியில் போட்ட கட்டு எந்த ஊருக்கும் அதற்குள் வந்து சேர்ந்துவிடும்.